இறுதியாக்கிகளும் இழைப் பாதுகாப்பும்: ஜாவாவின் ஃபைனலைஸ் குறித்த மதிப்பாய்வு

இறுதியாக்கி என்பது, குப்பை சேகரிப்பு வசதி கொண்ட நிரலாக்க மொழிகளில், ஒரு பொருள் இனி நிரலுக்குத் தேவைப்படாது என்று இயக்கச்சூழல் முடிவு செய்த பிறகு, அப்பொருளின் நினைவகம் மீட்கப்படுவதற்கு முன் தானாக அழைக்கப்படும் செயற்கூறு ஆகும். ஜாவா மொழியில் இது ஃபைனலைஸ் என்ற பெயரில், 1996ஆம் ஆண்டு வெளியான முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது. 2017இல் வெளியான ஜாவா 9 இதனைக் கைவிடத்தக்கது என அறிவித்தது. 2022இல் வெளியான ஜாவா 18 இதனை வருங்காலத்தில் நீக்கப்படவுள்ள வசதியாகக் குறித்தது.

இச்செயற்கூற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு வகுப்பறைகளிலும் நேர்காணல் கையேடுகளிலும் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அது எப்போது இயங்கும் என்று சொல்ல முடியாது, சில வேளைகளில் இயங்காமலே போகலாம் என்பதாகும். இது உண்மை; ஆனால் முழு உண்மை அன்று. தாமதமாக வருவது மட்டுமே குறை என்றால், "வந்தால் நல்லது, வராவிட்டால் பெரிய இழப்பில்லை" என்று எண்ணி ஒருவர் அதை எழுதி வைக்கலாம். உண்மையான குறை வேறு. இறுதியாக்கி எழுதப்பட்ட ஒவ்வொரு நிரலும், எழுதியவர் அறியாமலேயே பல இழைகள் கொண்ட நிரலாகிவிடுகிறது. அது தாமதமாக வருவதைவிட, எதிர்பாராத இழையில், எதிர்பாராத அளவுக்கு முன்னதாக வருவதே ஆபத்தானது. இக்கட்டுரை அந்தக் கோணத்திலிருந்து ஃபைனலைஸின் வடிவமைப்பை மதிப்பிடுகிறது.

பின்னணி

பயன்பாடு முடிந்த நினைவகத்தை நிரலரின் உதவியின்றித் தானாகவே மீட்கும் முறையை, லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி உருவாக்கினார். அதனை விளக்கும் அவரது கட்டுரை 1960இல் வெளியானது. நினைவகத்தைப் பொறுத்தவரை இம்முறை பெரும் வெற்றி பெற்றது. ஆனால் ஒரு நிரல் கணினியிடமிருந்து கடன் வாங்குவது நினைவகத்தை மட்டுமன்று. திறந்த கோப்பு, வலையமைப்பு இணைப்பு, தரவுத்தள இணைப்பு, சி மொழியில் எழுதப்பட்ட நூலகம் ஒதுக்கிய நினைவகம் ஆகியவையும் திருப்பித் தரப்பட வேண்டியவை. குப்பை சேகரிப்பான் இவற்றை அறியாது.

சி பிளஸ் பிளஸ் மொழியில் இந்த வேலையை அழிப்பி செய்கிறது. ஒரு தொகுதிக்குள் அறிவிக்கப்பட்ட பொருளின் அழிப்பி, அத்தொகுதியின் முடிவில், அதே இழையில், வரையறுக்கப்பட்ட வரிசையில் இயங்குகிறது. நிரலைப் படிப்பவர் விரல் வைத்து "இந்த வரியில் இது அழிகிறது" என்று காட்ட முடியும்.

ஜாவாவை வடிவமைத்தவர்கள் குப்பை சேகரிப்பை ஏற்றுக்கொண்டு, அழிப்பி இருந்த இடத்தில் ஃபைனலைஸை வைத்தனர். எல்லா வகுப்புகளுக்கும் மூலமான ஆப்ஜெக்ட் வகுப்பிலேயே அது இடம்பெற்றது. சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு ஜாவாவுக்கு வந்த ஒரு தலைமுறை மாணவர்கள், ஃபைனலைஸ் என்பது ஜாவாவின் அழிப்பி என்றே புரிந்துகொண்டனர். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுபோல் தோன்றுவதால் இப்புரிதல் இயல்பானது. ஆனால் அழிப்பியை அழைப்பது நிரலின் ஓட்டம். இறுதியாக்கியை அழைப்பது இயக்கச்சூழல். எல்லாச் சிக்கல்களும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

இறுதியாக்கி எந்த இழையில் இயங்குகிறது?

இழை என்பது ஒரே நிரலுக்குள் நடைபெறும் தனிச் செயலோட்டம் ஆகும். ஒரே நேரத்தில் பல இழைகள் இயங்கும்போது, அவை பொதுவாகப் பயன்படுத்தும் தரவைப் பூட்டு கொண்டு காக்க வேண்டும். பூட்டை வைத்திருக்கும் இழை வேலையை முடித்துப் பூட்டை விடுவித்த பின்னரே அடுத்த இழை உள்ளே வரும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஒரு நிரல், தான் திறந்துள்ள எல்லா இணைப்புகளின் பட்டியலையும் ஒரு பொது அட்டவணையில் வைத்திருக்கிறது. புதிய இணைப்பு திறக்கும்போது அட்டவணையில் ஒரு பதிவு சேர்கிறது. பயனற்றுப்போன இணைப்பின் இறுதியாக்கி, தன் பதிவை அதே அட்டவணையிலிருந்து நீக்குகிறது. இப்போது முதன்மை இழை அட்டவணையைப் பூட்டிக்கொண்டு ஒரு பதிவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. வேலை பாதி முடிந்துள்ளது. அதற்குச் சற்று நினைவகம் தேவைப்படுகிறது. இயக்கச்சூழல் குப்பை சேகரிப்பைத் தொடங்கி, பழைய இணைப்பு ஒன்று பயனற்றுப்போனதைக் கண்டறிகிறது. அதன் இறுதியாக்கியை அந்த இடத்திலேயே, அதே இழையில் அழைத்தால் என்ன ஆகும்?

இதற்கு இரண்டு விடைகள் உள்ளன, இரண்டும் நல்லவையல்ல. பூட்டு, ஒரே இழையை மீண்டும் உள்ளே விடாத வகை என்றால், அந்த இழை தான் வைத்திருக்கும் பூட்டுக்காகத் தானே காத்திருக்கும். நிரல் அங்கேயே நின்றுவிடும். இதுவே முட்டுக்கட்டை எனப்படுகிறது. ஜாவாவின் பூட்டைப் போல ஒரே இழையை மீண்டும் உள்ளே விடும் வகை என்றால், நிரல் நிற்காது; ஆனால் பாதி மாற்றப்பட்ட அட்டவணைக்குள் இறுதியாக்கி கைவைக்கும். நின்றுபோகும் நிரலைக் கண்டுபிடித்துவிடலாம். அமைதியாகக் கெட்டுப்போன அட்டவணையைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆகவே இறுதியாக்கி, பூட்டு எதையும் வைத்திராத வேறோர் இழையில்தான் இயங்க வேண்டும். இவ்வாதத்தைத் தெளிவாக முன்வைத்தவர் ஹான்ஸ் போம். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளுக்கான புகழ்பெற்ற குப்பை சேகரிப்பான் ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவரான இவர், அழிப்பிகள், இறுதியாக்கிகள், ஒத்திசைவு ஆகிய மூன்றையும் இணைத்து ஆராயும் கட்டுரையை 2003ஆம் ஆண்டு வெளியிட்டார். இறுதியாக்கி தனி இழையில் இயங்குவது ஒரு குறைபாடு அன்று, தவிர்க்க முடியாத தேவை என்பது அவரது நிலைப்பாடு.

ஜாவாவின் மொழி வரையறையும் இதையே உறுதி செய்கிறது. இறுதியாக்கியை எந்த இழை அழைக்கும் என்று அது சொல்வதில்லை. ஆனால் அழைக்கும் இழை, நிரலர் அறியக்கூடிய எந்தப் பூட்டையும் அப்போது வைத்திருக்காது என்று உறுதியளிக்கிறது. முட்டுக்கட்டை தவிர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு ஈடாக, இறுதியாக்கி தொடும் ஒவ்வொரு தரவும் இப்போது இரண்டு இழைகளுக்குப் பொதுவாகிவிட்டது. பூட்டு போட வேண்டிய பொறுப்பு நிரலர் தலையில் விழுகிறது. "என் நிரலில் ஒரே இழைதான் இருக்கிறது, பூட்டு எதற்கு?" என்று அவர் கேட்டால், அவர் எழுதிய இறுதியாக்கியே இரண்டாவது இழையைக் கொண்டுவந்தது என்பதுதான் விடை.

நினைவகத்தில் எழுதப்பட்டவை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பதும் இங்கே முக்கியம். 2004இல் வெளியான ஜாவா 5 திருத்திய நினைவக ஒழுங்குமுறையின்படி, ஒரு பொருளின் ஆக்கி முடிவதற்குள் எழுதப்பட்டவை அதன் இறுதியாக்கிக்குத் தெரியும் என்பதே உறுதி. அதன் பிறகு வேறு செயற்கூறுகள் எழுதிய மதிப்புகள், ஒத்திசைவு இல்லாமல், இறுதியாக்கிக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

நேரத்துக்கு முன் வரும் அழிவு

இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது. ஒரு பொருளின் செயற்கூறு இயங்கிக்கொண்டிருக்கும்போது அப்பொருள் அழிக்கப்படாது என்று பெரும்பாலோர் நம்புகின்றனர். இந்த நம்பிக்கை தவறானது.

கோப்பில் எழுதும் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். திறந்த கோப்புக்கு இயக்க அமைப்பு கொடுத்த எண், எடுத்துக்காட்டாக 7, அப்பொருளின் உறுப்பு மாறியில் உள்ளது. எழுதும் செயற்கூறு முதலில் அந்த எண்ணைப் படிக்கிறது. பிறகு, "7 என்ற எண்ணுள்ள கோப்பில் இதை எழுது" என்று இயக்க அமைப்பைக் கேட்கிறது. எண்ணைப் படித்த அந்த நொடியிலிருந்து பொருள் தேவையில்லை. எண் மட்டும் போதும். அழைத்த இடத்திலும் அப்பொருளுக்கு இனி வேலை இல்லை என்றால், நிரலை விரைவுபடுத்தும் நிரல்பெயர்ப்பி அப்பொருளுக்கான சுட்டை விட்டுவிடலாம். ஜாவாவின் மொழி வரையறை இதற்கு வெளிப்படையாகவே இடம் தருகிறது. மாறியின் பெயர் இன்னும் தொகுதிக்குள் இருக்கிறது என்பது இங்கே கணக்கில் வராது.

அந்த இடைவெளியில் குப்பை சேகரிப்பு நடந்தால், பொருள் எட்டமுடியாததாகக் கருதப்படும். இறுதியாக்கி இழை அதன் ஃபைனலைஸை அழைத்து, 7ஆம் கோப்பை மூடிவிடும். முதல் இழையோ 7இல் எழுதப் போகும் நிலையிலேயே நிற்கிறது.

யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகள், புதிதாகத் திறக்கும் கோப்புக்குக் காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதைக் கொடுக்கின்றன. ஆகவே அதே நேரத்தில் மூன்றாவது இழை ஒன்று வேறொரு கோப்பைத் திறந்தால், 7 என்ற எண் அதற்குப் போய்விடலாம். இப்போது முதல் இழை எழுதுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் எழுதப்பட்டது இன்னொருவரின் கோப்பில்.

தங்கும் விடுதி ஒன்றை இதற்கு ஒப்பிடலாம். விருந்தினர் காலி செய்துவிட்டார் என்று எண்ணி 7ஆம் அறையை ஊழியர் வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார். பழைய விருந்தினருக்கு வந்த பொட்டலத்தை, "அறை 7" என்ற சீட்டைக் கையில் வைத்திருக்கும் பையன் புதியவரிடம் கொடுத்துவிட்டு வருகிறான். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தனர். பொட்டலம் மட்டும் தவறான கைக்குப் போனது.

இது ஏட்டளவில் மட்டும் உள்ள அச்சம் அன்று. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இது நிகழ்ந்துள்ளது. ஒரே ஓர் இழையைக் கொண்டு பணிகளை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டர் ஒன்றை அந்நூலகம் உருவாக்கித் தருகிறது. அதன் மேலுறையாக இருந்த பொருளுக்கு ஓர் இறுதியாக்கி இருந்தது. யாரும் பயன்படுத்தாத எக்ஸிக்யூட்டரை நிறுத்திவிடுவதே அதன் நோக்கம். எக்ஸிக்யூட்டரை உருவாக்கி, அதே வரியில் ஒரு பணியைக் கொடுக்கும் நிரலில், பணி ஒப்படைக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மேலுறைப் பொருள் எட்டமுடியாததாகி, இறுதியாக்கி எக்ஸிக்யூட்டரை நிறுத்திவிடக்கூடும் என்று கண்டறியப்பட்டது. அப்போது பணி நிராகரிக்கப்பட்டதாக விதிவிலக்கு எழும். ஒருங்கியல் நிரலாக்கத்தில் தேர்ந்தவர்கள் எழுதிய நூலகப் பகுதியில் இது நேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

வடிவமைப்பின் குறைகள்

மேற்கண்ட இரண்டு சிக்கல்களும் குப்பை சேகரிப்பின் இயல்பிலேயே உள்ளவை. எந்த மொழியும் அவற்றை முழுமையாகத் தவிர்க்க முடியாது. அப்படியானால் ஃபைனலைஸைக் குறை கூறுவது நியாயமா? நியாயமே. ஏனெனில் அதன் வடிவம் இச்சிக்கல்களைக் காட்டாமல் மறைக்கிறது.

முதலாவதாக, அது சாதாரணச் செயற்கூறு போலவே தோன்றுகிறது. ஜாவாவில் புதிய இழையைத் தொடங்க விரும்புபவர் அதற்கான வகுப்பைத் தேடி, பொருளை உருவாக்கி, தொடங்கச் சொல்ல வேண்டும். அந்த உழைப்பே ஓர் எச்சரிக்கை. ஃபைனலைஸ் எழுதுபவருக்கு அத்தகைய எச்சரிக்கை எதுவும் இல்லை.

இரண்டாவதாக, அழியப்போகும் பொருளையே அது இறுதியாக்கியின் கையில் கொடுக்கிறது. இறுதியாக்கி அப்பொருளின் எல்லா உறுப்புகளையும் தொடலாம். அதன் சுட்டை ஒரு பொது மாறியில் எழுதி, பொருளை மீண்டும் உயிர்ப்பிக்கவும் செய்யலாம். ஒன்றையொன்று சுட்டும் இரண்டு பொருள்கள் ஒன்றாகப் பயனற்றுப்போனால், எதன் இறுதியாக்கி முதலில் இயங்கும் என்ற ஒழுங்கும் இல்லை. ஏற்கனவே மூடப்பட்ட பொருளை மற்றொன்றின் இறுதியாக்கி பயன்படுத்த நேரலாம்.

மூன்றாவதாக, அதில் எழும் விதிவிலக்குகளை இயக்கச்சூழல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. இழைகள் மோதிக்கொண்டதால் எழும் பிழைகளுக்கும் இதே கதிதான். எந்தச் சான்றும் எஞ்சுவதில்லை.

"இறுதியாக்கி இயங்காமல் போகலாம்" என்ற ஒரே கவலை எங்கே கொண்டுவிடும் என்பதற்கு ஜாவாவின் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. நிரல் முடியும்போது எஞ்சியுள்ள எல்லா இறுதியாக்கிகளையும் கட்டாயம் இயக்கச் செய்யும் வசதி ஒன்று ஜாவா 1.1இல் தரப்பட்டது. பிற இழைகள் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருள்களின் மேலும் அது இறுதியாக்கியை ஏவியது. நிரல்கள் தாறுமாறாக நடக்கவோ முட்டுக்கட்டையில் சிக்கவோ இடமளித்தது. அடுத்த பதிப்பான ஜாவா 1.2இலேயே அது இயல்பிலேயே பாதுகாப்பற்றது என அறிவிக்கப்பட்டு, பின்னர் ஜாவா 11இல் நீக்கப்பட்டது. தாமதத்துக்கு மருந்து தேடியபோது நோய் முற்றியது எனலாம்.

இத்தனைக்குப் பிறகும் விவாதங்களில் இழை குறித்த குறை பின்வரிசையிலேயே நிற்கிறது. 2001இல் முதற்பதிப்பு கண்ட, ஜோசுவா பிளாக் எழுதிய எஃபெக்டிவ் ஜாவா நூல் இறுதியாக்கிகளைத் தவிர்க்கச் சொல்லி நல்ல வழி காட்டியது. ஆனால் அந்நூல் வழியே பரவலாக நினைவில் நின்றவை காலத்தாமதமும் வேகக் குறைவும்தாம். ஃபைனலைஸை நீக்குவதற்காக ஜாவா 18உடன் வெளியிடப்பட்ட முன்மொழிவு அதன் நான்கு குறைகளைப் பட்டியலிடுகிறது: கணிக்க முடியாத தாமதம், கட்டுப்பாடற்ற செயல்பாடு, தவிர்க்க முடியாமல் எப்போதும் இயங்குதல், இழை எதுவென வரையறுக்கப்படாமை. நான்காவதாக வருவது முதலாவதாக வந்திருக்க வேண்டும். தாமதம் வளத்தை வீணாக்கும். இழை மோதல் தரவையே கெடுக்கும்.

பிற மொழிகளில்

சி ஷார்ப் மொழி இதே வசதியைத் தந்தபோது, சி பிளஸ் பிளஸ் அழிப்பியின் அலைக்கோட்டுக் குறியையே கடன் வாங்கியது. தொடக்கத்தில் அழிப்பி என்ற பெயரும் வழங்கியது. பின்னரே இறுதியாக்கி என்ற பெயர் நிலைபெற்றது. தோற்றம் சி பிளஸ் பிளஸ், நடத்தை ஜாவா என்ற இக்கலவை மாணவர்களை மேலும் குழப்பியது. எனினும் சிக்கலை நேர்மையாக எதிர்கொண்டதில் அம்மொழிச் சூழல் முன்னோடி எனலாம். 2005இல் வெளியான டாட் நெட் 2.0, சேஃப்ஹேண்டில் என்ற வகுப்பை அறிமுகப்படுத்தியது. இயக்க அமைப்பை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அது பயன்பாட்டுக் கணக்கை ஒன்று கூட்டி, அழைப்பு முடிந்ததும் குறைக்கிறது. ஆகவே அழைப்பின் நடுவே கைப்பிடி மூடப்படுவதில்லை. விடுதிப் பொட்டலம் தவறான அறைக்குப் போகும் வழி அடைக்கப்படுகிறது.

பைத்தானின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தான், சுட்டுகளை எண்ணி, எண்ணிக்கை பூச்சியமானவுடன் டெல் என்ற செயற்கூற்றை அழைக்கிறது. பெரும்பாலும் உடனடியாக இயங்குவதால் இது அழிப்பி போலவே தோன்றுகிறது. ஆனால் வட்டமாக ஒன்றையொன்று சுட்டும் பொருள்களைத் தனிச் சேகரிப்பான்தான் மீட்கிறது. அது எந்த நேரத்தில் வேலையைத் தொடங்குமோ, அந்த நேரத்தில் இயங்கும் இழையிலேயே டெல் இயங்கும். முன்பு கண்ட அட்டவணை எடுத்துக்காட்டு இங்கே அப்படியே பொருந்தும். டெல் பூட்டைக் கேட்டால் முட்டுக்கட்டை நேரலாம் என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. டெல்லிலிருந்து அழைத்தாலும் சிக்கிக்கொள்ளாத எளிய வரிசை வகுப்பு ஒன்று, பைத்தான் 3.7இல் சேர்க்கப்பட்டது.

கோ மொழியில் இறுதியாக்கிகள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன. கோப்பு எண் நடுவிலேயே மூடப்படும் ஆபத்தை அதன் ஆவணம் எடுத்துக்காட்டுடன் விளக்குகிறது. பொருளை உயிரோடு வைத்திருக்க கீப்அலைவ் என்ற செயற்கூற்றையும் அம்மொழி தருகிறது. 2025இல் வெளியான கோ 1.24, அழியும் பொருளைக் கையில் கொடுக்காத புதிய துப்புரவு வசதியைச் சேர்த்து, புதிய நிரல்களுக்கு அதையே பரிந்துரைக்கிறது.

நான்கு மொழிகளும் வெவ்வேறு பாதையில் சென்று ஒரே இடத்தில் முட்டியுள்ளன. ஆகவே இதனை ஒரு மொழியின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது.

இறுதியாக்கிக்கு ஆதரவான வாதம்

இறுதியாக்கியை முற்றிலும் ஒழிக்க முடியாது என்போர் பக்கமும் நியாயம் உள்ளது. ஒரு வளத்தைக் கடைசியாகப் பயன்படுத்துபவர் யார் என்று நிரலருக்குத் தெரியாத சூழல்கள் உண்டு. பல பகுதிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு படத்தின் நினைவகம் சி நூலகத்தில் உள்ளது என்றால், எல்லோரும் விட்டுவிட்ட பின்னரே அதை விடுவிக்க வேண்டும். அதைக் கண்டறியும் ஆற்றல் குப்பை சேகரிப்பானிடம்தான் உள்ளது. இறுதியாக்கி அரிதாகவே தேவைப்படும், ஆனால் தேவைப்படும் இடத்தில் அதற்கு மாற்று இல்லை என்று போம் வாதிட்டார். மூட மறந்த கோப்பைக் கடைசி நேரத்தில் மூடும் பாதுகாப்பு வலையாகவும் அது உதவும்.

இவ்வாதத்தை ஏற்கலாம். ஆனால் அது இறுதியாக்கம் என்ற கருத்துக்கான ஆதரவே தவிர, ஃபைனலைஸ் என்ற வடிவத்துக்கான ஆதரவு அன்று. பாதுகாப்பு வலை தேவை என்பதால், எந்த நேரத்தில் விரியும் என்று தெரியாத வலையை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மாற்று வழிகள்

முதல் மாற்று, வெளிப்படையாக மூடுதல். 2011இல் வெளியான ஜாவா 7, ஒரு தொகுதி முடியும்போது அதில் திறந்த வளத்தைத் தானாக மூடும் டிரை தொடரைக் கொண்டுவந்தது. சி ஷார்ப்பின் யூசிங், பைத்தானின் வித், கோவின் டிஃபர் ஆகியவையும் இதே நோக்கம் கொண்டவை. மூடுவது அதே இழையில், தெரிந்த வரியில் நடப்பதால் பெரும்பாலான நிரல்களுக்கு இதுவே போதும். ஆனால் ஒரே வளத்தைப் பல இழைகள் பகிர்ந்தால், ஒன்று மூடும்போது மற்றொன்று எழுதிக்கொண்டிருக்கலாம். அங்கே பூட்டோ பயன்பாட்டுக் கணக்கோ தேவை. எழுத்து மாறினாலும் கேள்வி மாறுவதில்லை.

இரண்டாவது, ஜாவா 9 தந்த கிளீனர். இதில் துப்புரவு வேலையைத் தனிப் பொருளாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அது அழியும் பொருளைச் சுட்டக் கூடாது. அழிந்த பொருளை உயிர்ப்பிக்கும் வழி இதனால் அடைபடுகிறது. துப்புரவு வேலைக்கு என்ன தரவு தேவை என்பதை நிரலர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதும் நன்மையே. ஆனால் கிளீனரும் வேறோர் இழையில்தான் இயங்குகிறது. நேரத்துக்கு முன் வரும் அழிவு இங்கும் நேரலாம். அதைத் தடுக்க, பொருள் இந்த வரி வரை தேவை என்று அறிவிக்கும் ரீச்சபிலிட்டி ஃபென்ஸ் என்ற செயற்கூறு அதே பதிப்பில் சேர்க்கப்பட்டது. வளத்தைத் தொடும் ஒவ்வொரு செயற்கூற்றிலும் அதை மறக்காமல் எழுத வேண்டும். மறந்தால், நிரல் ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் தவறும். கிளீனருக்கு மாறியதாலேயே சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுவது, பழைய தவறான நம்பிக்கையின் புதிய வடிவமே. எஃபெக்டிவ் ஜாவாவின் மூன்றாம் பதிப்பு கிளீனரையும் தவிர்க்க வேண்டியவற்றில் சேர்த்தது பொருத்தமானது.

மூன்றாவது வழி மிகவும் நம்பிக்கை தருவது. 2024இல் வெளியான ஜாவா 22, குப்பை சேகரிப்பான் ஆளாத நினைவகத்தைக் கையாள அரீனா என்ற அமைப்பை நிலையான வசதியாக்கியது. அரீனாவை உருவாக்கும்போதே அது எவ்வகை என்று சொல்ல வேண்டும். ஓர் இழைக்கு மட்டும் உரியது என்றால், வேறு இழை தொட்டதும் விதிவிலக்கு எழும். பல இழைகள் பகிர்வது என்றால், எந்த இழையும் மூடலாம். மூடிய பின் தொட முயலும் இழைக்கு விதிவிலக்கு கிடைக்குமே தவிர, விடுவிக்கப்பட்ட நினைவகம் கிடைக்காது. குப்பை சேகரிப்பானிடம் ஒப்படைப்பது என்றால், நிரலர் அதை மூடவே முடியாது. "இதை எந்த இழை அழிக்கும்?" என்ற கேள்வியை ஃபைனலைஸ் மறைத்தது, அரீனாவோ அதை முதல் வரியிலேயே கேட்கிறது. விடை சொல்லாமல் நிரலை எழுத முடியாது.

மதிப்பீடு

ஃபைனலைஸ் தோல்வியடைந்ததற்குக் காரணம் அதன் நோக்கம் அன்று. வளங்களைத் திருப்பித் தர நிரலருக்கு உதவ வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. பல இழைகளின் ஒத்திசைவு என்ற கடினமான வேலையை, ஓர் எளிய செயற்கூற்றின் தோற்றத்தில் நிரலரிடம் கொடுத்ததே அதன் தவறு.

கற்பித்தலில் இதற்குத் திருத்தம் தேவை. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், பைத்தானின் டெல் செயற்கூற்றை அழிப்பி என்றே அறிமுகப்படுத்துகிறது. தொடக்க நிலையில் அவ்வளவு சொன்னால் போதும் என்பது ஏற்கத்தக்கதே. ஆயினும், "இதை நிரலின் ஓட்டம் அழைப்பதில்லை, இயக்கச்சூழல் அழைக்கிறது" என்ற ஒரு வரியைச் சேர்ப்பது கடினமன்று. அந்த ஒரு வரியை அறிந்த மாணவர், பின்னர் எந்த மொழிக்குச் சென்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்பார்: இதை அழைப்பது எந்த இழை? அப்போது என் பொருளை வேறு யாரேனும் பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடுமா? இது தொடும் தரவுக்குப் பூட்டு உண்டா?

இம்மூன்றுக்கும் தெளிவான விடை தெரியாத இடத்தில் இறுதியாக்கியை எழுதாமல், திறந்த இடத்திலேயே மூடிவிடுவதே பாதுகாப்பானது.